ஒரு கார்டு, இரண்டு அடுப்பு

அத்தியாயம் 11

பிள்ளையார்பாளையத்தில் சபாபதி வீட்டைத் தெரியாதவர்கள் குறைவு. அண்ணனும் தம்பியும் ஒரே தறியில் நெய்கிறார்கள், இரண்டு அடுப்பில் சாப்பிடுகிறார்கள் என்ற பெருமை அந்தத் தெருவில் வேறு எந்த வீட்டுக்கும் கிடையாது.

தறியைப் பிரிக்க வழியில்லை. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று கோர்வைப் புடவை நெய்ய வேண்டுமானால் வலப்பக்கம் ஒருவர், இடப்பக்கம் ஒருவர் உட்கார்ந்தே ஆக வேண்டும். அதனால் சபாபதியும் உமாபதியும் காலை ஏழு மணியிலிருந்து தோளோடு தோள் உரசி நெய்வார்கள். மத்தியானம் ஒரே சமயத்தில் எழுந்திருப்பார்கள். அண்ணன் சமையலறைக்குப் போவார், தம்பி பின்தாழ்வாரத்துக்குப் போவான். சாப்பாடு முடிந்தால் மறுபடி தோளோடு தோள். அவர்களுக்குள் ஒரு மனத்தாங்கலும் இல்லை. இருந்ததெல்லாம் அவர்கள் கட்டிக்கொண்டவர்களுக்குள்தான்.

போன புரட்டாசியில் சபாபதியின் மகள் அம்சாவுக்குக் காய்ச்சல். சித்தி கிருஷ்ணவேணி பாவம், பெண் கேட்டாளே என்று ஒரு டம்ளர் மோர் கொடுத்துவிட்டாள். அதைப் பார்த்த இந்திராணி, பெற்றவள் என்ற ஆத்திரத்தில், "பெத்திருந்தா தெரியும்" என்று சொல்லிவிட்டாள். கல்யாணமாகி ஆறு வருஷமாகியும் குழந்தையில்லாத ஓரகத்தியிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது? சொன்ன நிமிஷமே இந்திராணி நாக்கைக் கடித்துக்கொண்டாள். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் திருப்புட்குழியிலிருந்து கிருஷ்ணவேணியின் அம்மா கங்கையம்மாள் ஒரு குமுட்டி அடுப்போடு வந்து இறங்கினாள். "எம் பொண்ணு இனிமே இந்தக் கையால சோறு வாங்கித் தின்ன வேணாம். இவ வக்கிற கொழம்ப மாடு கூட மோந்து பாக்காது" என்று தெருவே கேட்கச் சொல்லிவிட்டு, அடுப்பைப் பின்தாழ்வாரத்தில் வைத்துவிட்டுப் போனாள். எட்டு மாதமாகிறது.

இந்த நிலைமையில்தான் போன வாரம் அந்தத் தபால் கார்டு வந்தது.

செவிலிமேடு போகிற வழியில் உள்ள பதினாறுகால் மண்டபத்தையும் அதன் குளத்தையும் பார்த்துக்கொள்ள ஒரு சபை இருக்கிறது. பழஞ்சின்னப் பராமரிப்பு சபை என்று பெயர். சபை வருவதற்கு முன்னால் மண்டபத்தில் ஆடு கட்டினார்கள், சீட்டு ஆடினார்கள். சபைக்காரர்கள் வந்து, கூரையில் முளைத்த அரசங்கன்றுகளைப் பிடுங்கி, சிற்பத்தின் மேல் பூசியிருந்த சுண்ணாம்பைச் சுரண்டி, குளத்தைத் தூர்வாரினார்கள். சந்தா கட்டியவர்களுக்குச் சலுகைகள் உண்டு. மாதத்தில் ஒரு ஞாயிறு தூண்களில் இருப்பது யார், என்ன கதை என்று விளக்கிச் சொல்வார்கள். வருஷத்துக்கு ஒரு முறை வேனில் மகாபலிபுரம், கையில் புளியோதரைப் பொட்டலம். குடும்பக் கார்டு வாங்கியவர்களுக்கு இன்னும் ஒரு படி மேலே: வருஷத்தில் ஒரு நாள், வீட்டு விசேஷம் ஒன்றை மண்டபத்திலேயே வைத்துக்கொள்ளலாம்.

இந்திராணி பங்குனியில் குடும்பக் கார்டு வாங்கியிருந்தாள். வருகிற வெள்ளிக்கிழமை அம்சாவுக்கு அந்த மண்டபத்தில் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீடு ஆரணி, நாற்பது பேர் வருகிறார்கள். வீட்டில் வைக்கலாமென்றால் கூடத்தில் பாதியைத் தறி பிடித்துக்கொண்டிருக்கிறது. வெளியே வைக்கலாமென்றால் கருடசேவை வாரம், ஊரில் ஒரு சத்திரம் காலியில்லை. 'பழைய காலத்து மண்டபத்துலயா? ரொம்ப விசேஷம்' என்று சம்பந்தியம்மாள் வேறு மகிழ்ந்துபோய்ச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டாள்.

தபால் கார்டில் இப்படி எழுதியிருந்தது: 'தங்கள் குடும்பக் கார்டு பற்றிப் புகார் வந்துள்ளது. ஒரே அடுப்பில் சமைத்து உண்பவர்களே ஒரு குடும்பம் என்பது சபையின் ஏழாவது விதி. புதன்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வந்து பார்ப்பேன். ராஜகோபால், செயலாளர்.'

புதன்கிழமை விடிந்துவிட்டது.

தெருக்குழாயில் இந்திராணி குடத்தை வைத்தபோது, பக்கத்து வீட்டு ரேணுகாம்பாள் சிரித்தாள். "இன்னா இந்திராணி, நிச்சயத்துக்கு ஏற்பாடெல்லாம் நடந்துக்கினு இருக்குதா?"

புகார் எழுதியது இவள்தான் என்று இந்திராணி முடிவு கட்டி இரண்டு நாளாகிறது. "நடக்கணும்னு நெனைக்கிறவங்க நெனச்சா நடக்கும்" என்று சொல்லிவிட்டுக் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். ரேணுகாம்பாளுக்கு ஒன்றும் புரியவில்லை. பல் துலக்காமல் சிரித்தது தப்போ என்று யோசித்துக்கொண்டு நின்றாள்.

வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னாங்க, பத்து மணிக்கு அவர் வந்துடுவாரு" என்றாள் இந்திராணி.

சபாபதி ஊடுநூல் ஓட்டும் நாடாவை வாங்கித் திருப்பிவிட்டார். "வரட்டும்."

"வந்து ரெண்டு அடுப்ப பார்த்தா?"

"பார்த்தா ரெண்டுன்னு எண்ணிக்கினு போவாரு."

உமாபதி சிரிப்பை அடக்கிக்கொண்டான். "அண்ணி, நீங்களே போய்க் கேளுங்க. நான் சொன்னா வேணி கேக்க மாட்டா. இன்னைக்கு ஒரு நாளைக்கு சேர்ந்து சமைச்சா, எனக்கும் ரெண்டு கறி கெடைக்கும்."

கேட்கத்தான் வேண்டும். வேறு வழியில்லை. எட்டு மாதமாகத் தாண்டாத பின்வாசல் படியை இந்திராணி தாண்டினாள். கிருஷ்ணவேணி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"வேணி, சபையிலேர்ந்து ஆள் வராங்க" என்று ஆரம்பித்து, இந்திராணி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். "அம்சாவுக்காக. இந்த ஒரு வேளை மட்டும்."

முறம் நின்றது. "சரி" என்றாள் கிருஷ்ணவேணி.

இவ்வளவு சுலபமாகச் சரி வரும் என்று இந்திராணி எதிர்பார்க்கவில்லை. கெஞ்சுவதற்கென்று தயார் செய்து வந்த நாலு வாக்கியம் வீணாகிப் போனது.

"ஆனா சமையல் நான்தான் செய்வேன்" என்றாள் கிருஷ்ணவேணி. "பக்கத்துல நின்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன்."

"புளி ஜாஸ்தின்னு கூட."

"அதான் சொல்ல மாட்டேன்றேனே."

அம்சாவுக்குக் குஷி பிடிபடவில்லை. சித்தியின் குமுட்டி அடுப்பைத் தூக்கிக் கொல்லையில் வைத்து, அதன் மேல் பெரிய அண்டாவைக் கவிழ்த்து, அண்டாவின் மேல் ஈரப் பாவாடை ஒன்றைக் காயப் போட்டாள். தாழ்வாரத்துக் கரிச்சுவரை ஈரத்துணியால் துடைத்தாள். கரி போகாமல் இன்னும் நாலு அங்குலம் பரவியது. அங்கே ஒரு காலண்டரை மாட்டினாள்.

சமையலறையில் கிருஷ்ணவேணி புளி கரைத்தாள். எலுமிச்சம்பழம் அளவு போதுமென்ற இடத்தில் சாத்துக்குடி அளவு எடுத்திருந்தாள். இந்திராணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மிளகாய்ப்பொடி மூன்று கரண்டி விழுந்தது. இந்திராணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கடைசியில் தாளித்துக் கொட்டியபோது எழுந்த மணம் இருக்கிறதே, அதைத் தன் இருபது வருஷச் சமையலில் தான் எழுப்பியதில்லை என்று அவளுக்கே தெரிந்தது. அதையும் சொல்லவில்லை. ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்.

சரியாகப் பத்து மணிக்கு ராஜகோபாலின் சைக்கிள் வாசலில் நின்றது.

ராஜகோபால் கோர்ட்டில் நகல் எழுதும் குமாஸ்தா. சபை வேலைக்கு அவருக்குச் சம்பளம் கிடையாது, ஆனால் சம்பளம் வாங்கும் வேலையைவிட இதில்தான் கண்டிப்பு அதிகம். அதற்குக் காரணமும் இருந்தது. போன வருஷம் ஒருவர் குடும்பக் கார்டைக் காட்டி, யாரோ தெரிந்தவர் வீட்டுக் கல்யாணத்தை மண்டபத்தில் நடத்திவிட்டார். உள்ளேயே கோட்டை அடுப்பு மூட்டி நூறு பேருக்குச் சமைத்தார்கள். விதானத்துச் சிற்பமெல்லாம் புகை படிந்து கறுத்துப்போனது. ராஜகோபால் ஏணி போட்டு ஏறி இரண்டு மாதம் துடைத்தார். அதற்கு மறுவாரம் எழுதியதுதான் ஏழாவது விதி.

"தண்ணி மட்டும் போதும்மா. இன்ஸ்பெக்‌ஷன்ல வேற எதுவும் தொடுறது இல்ல" என்று சொல்லிவிட்டு, நேரே சமையலறைக்குப் போனார். ஒரு அடுப்பு, அதன் மேல் ஒரு பானை. தாழ்வாரத்தைப் பார்த்தார். காலண்டர் இரண்டு மாதம் பின்தங்கியிருந்ததைக் கவனித்தார், ஆனால் அது விதிகளில் வரவில்லை. கொல்லையை எட்டிப் பார்த்தார். பாவாடை காய்ந்துகொண்டிருந்தது.

இந்திராணி மூச்சு விட்டாள்.

ராஜகோபால் தறியருகே போய் நோட்டைத் திறந்தார். "சபாபதி, நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?"

"இட்லி சார். கத்திரிக்கா கொத்சு."

எழுதிக்கொண்டார். தறியைச் சுற்றி இடப்பக்கம் வந்தார். "நீங்க?"

"கேவுரு களி" என்றான் உமாபதி. "முருங்கக்கீரை."

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. சபாபதி தம்பியைப் பார்த்தார். தம்பி கரையைப் பார்த்தான். கோர்ட்டில் முப்பது வருஷமாகக் குறுக்கு விசாரணைகளை நகல் எழுதிய மனுஷனுக்கு இதைக் கூடச் சொல்லித் தர வேண்டுமா?

"ஒரு அடுப்புல, ஒரு ராத்திரியில, ரெண்டு சமையலா?" என்றார் ராஜகோபால்.

"அது வந்து சார்" என்று கிருஷ்ணவேணி சமையலறை வாசலிலிருந்து முன்னால் வந்தாள். "இவருக்கு வயித்துக்கு ஒத்துக்கல. அதான் தனியா களி கிண்டினேன்."

நல்ல பொய். நின்றுவிடக்கூடிய பொய். ஆனால் அதைச் சொல்லும்போது கிருஷ்ணவேணியின் முகம் சிவந்துபோயிருந்ததை இந்திராணி பார்த்தாள். தான் சொன்ன ஒரு வார்த்தையால் தனியே போனவள், இன்று தன் மகளுக்காக வேற்று மனுஷன் முன்னால் நின்று பொய் சொல்கிறாள். வெட்கம் இந்திராணியின் உச்சி வரை ஏறியது.

"இல்ல சார்" என்றாள். "அடுப்பு ரெண்டுதான். கொல்லையில அண்டாவுக்கு அடியில இருக்குது."

தறி நின்றுவிட்டது. அம்சா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எட்டு மாசமா ரெண்டு. தப்பு என் பேர்லதான். இவள நான் ஒரு வார்த்தை சொல்லிட்டேன். எந்தப் பொம்பளையும் எந்தப் பொம்பளையையும் சொல்லக் கூடாத வார்த்தை. அன்னைக்கே கால்ல விழுந்திருக்கணும். கௌரவம் பார்த்துக்கினு இருந்துட்டேன்." இந்திராணி கிருஷ்ணவேணியின் பக்கம் திரும்பினாள். "வேணி, என்னை மன்னிச்சுடும்மா. கார்டுக்காக கேக்கல. கார்டு போனா போவட்டும்."

ராஜகோபாலுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிற்பங்களில் படிந்த புகையைத் துடைத்துத்தான் அவருக்குப் பழக்கம்.

கிருஷ்ணவேணி அவரைப் பார்த்தாள். "சார், அந்த புகார் லெட்டர்ல பேர் போட்டிருந்துச்சா?"

"இல்லம்மா. மொட்டைக் கடுதாசி."

"அத எழுதினது நான்தான்."

இந்திராணி அப்படியே சுவரில் சாய்ந்தாள். ரேணுகாம்பாளின் சிரிப்பு ஒரு கணம் கண்ணில் வந்து போனது.

"சித்திரையில கார்டு வந்துச்சு" என்றாள் கிருஷ்ணவேணி. "அஞ்சு பேர் பேரு. அதுல என் பேரும் இருந்துச்சு. விண்ணப்பத்துல எனக்கு பதிலா யாரோ கையெழுத்து வேற போட்டிருக்காங்கன்னு எங்க வீட்டுக்காரர் சொன்னாரு. வீட்டுல வேத்தாளு, கார்டுல மட்டும் குடும்பமா? அந்த எரிச்சல்ல எழுதிப் போட்டுட்டேன். அப்போ அம்சாவுக்கு எடம் வரல சார். வந்ததும் மனசு அடிச்சுக்கினே இருந்துச்சு."

"கோர்ட் வேலையில ஒரு மாசம் பையிலயே வச்சிருந்துட்டேன்" என்று ராஜகோபால் தன் பங்குக்குக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பிறகு நினைவு வந்தவராக, "கையெழுத்த யார் போட்டது?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றாள் இந்திராணி. "கேட்டா போட மாட்டான்னு பயம். அவ பேர விட்டுட்டு எழுதவும் மனசு வரல சார்."

இதைக் கேட்ட கிருஷ்ணவேணி நிமிர்ந்து பார்த்தாள். எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவள் பார்வையில் கோபம் இல்லை.

ராஜகோபால் கார்டை வாங்கி, குறுக்கே ஒரு கோடு இழுத்தார். "இது செல்லாது. ரூல்ஸ் ரூல்ஸ்தான். உங்களுக்கு விட்டுக் குடுத்தா நாளைக்கு மண்டபத்துல மறுபடி அடுப்பு எரியும்." அம்சாவின் கண் நிறைந்தது. அவர் அதைப் பார்க்காதது போல் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "இது புது ஃபாரம். ஒரே அடுப்புக்காரங்க எல்லாரும் அவங்கவங்க கையால கையெழுத்து போடணும். ஆறு பேர் வரைக்கும் எழுதலாம். எழுதின பேர அடிக்கக் கூடாது. நாளைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள என் கைக்கு வந்துட்டா, வெள்ளிக்கிழமை மண்டபம் உங்களுது. வரலேன்னா இல்ல."

நோட்டை மூடினார். சட்டென்று குரல் மாறியது.

"இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்சுது. அந்தக் கொழம்பு மணம் ரொம்ப நேரமா ஒரு மாதிரி பண்ணிக்கினு இருக்குது."

இலை போட்டார்கள். அண்ணனும் தம்பியும் அவருக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். ராஜகோபால் மூன்று தடவை குழம்பு வாங்கிக்கொண்டார். உமாபதி எண்ணவேயில்லை. "யார் கைப்பக்குவம்?" என்று அவர் கேட்டபோது, இந்திராணி, "எங்க வேணிதான்" என்றாள். இப்போதுதான் பேச அனுமதி கிடைத்தது மாதிரி, "புளி கொஞ்சம் ஜாஸ்தி" என்றும் சேர்த்துக்கொண்டாள். கிருஷ்ணவேணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சாப்பாடானதும் கிருஷ்ணவேணி ஃபாரத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் கையில் ஒரு துணிப்பையோடு வெளியே வந்தாள்.

"அக்கா, நான் திருப்புட்குழி போயிட்டு வரேன். ஃபாரம் அரிசிப்பானை மேல இருக்குது. பார்த்துட்டு கையெழுத்து போடுங்க. போட முடியாதுன்னா பரவால்ல, கோவிச்சுக்க மாட்டேன்."

அக்கா என்ற சொல்லைக் கேட்ட சந்தோஷத்தில், இந்திராணி எதற்காகப் போகிறாய் என்று கேட்க மறந்துவிட்டாள். அவள் தெருமுனை திரும்பிய பிறகுதான் ஃபாரத்தை எடுத்தாள்.

சபாபதி, இந்திராணி, அம்சா, உமாபதி, கிருஷ்ணவேணி. ஐந்து பெயர்கள், கிருஷ்ணவேணியின் குண்டு குண்டான எழுத்தில். தன் பெயருக்கு நேரே அவள் கையெழுத்தும் போட்டிருந்தாள். அதற்குக் கீழே ஆறாவதாக ஒரு பெயர்.

கங்கையம்மாள், வயது 61.

இந்திராணி தறிக்கு ஓடினாள். ஃபாரத்தை வாங்கிப் படித்த சபாபதி, நாடாவைக் கை தவறவிட்டார்.

"அவங்கம்மாவா? இங்கயா?"

உமாபதி தலையைச் சொறிந்தான். "மாமனார் போனதுலேர்ந்து அத்தை அங்க தனியாத்தான் இருக்காங்க அண்ணி. கண்ணு வேற சரியா தெரியல. இங்க கூட்டிக்கினு வரணும்னு வேணிக்கு ரொம்ப நாளா ஆசை. தாழ்வாரத்துல ஒரு மூலையில எங்க வச்சுக்கறதுன்னுதான் பேசாம இருந்தா."

இந்திராணி ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டாள். கங்கையம்மாளின் வாயை நினைத்தாள். தினமும் மூன்று வேளையும் அந்த வாய்க்குத் தான் பரிமாறுவதை நினைத்தாள். பிறகு தறிமேடையில் ஃபாரத்தை வைத்து, தன் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டாள். சபாபதியிடமும் உமாபதியிடமும் அம்சாவிடமும் வாங்கினாள்.

ஆறாவது இடம் காலியாக இருந்தது. பெயரை அடிக்கக் கூடாது. கங்கையம்மாள் தன் கையால் போட்டால்தான் உண்டு.

"வேணி கேட்டா போட்டுக் குடுப்பாங்க" என்றார் சபாபதி.

"மாட்டாங்க" என்றாள் இந்திராணி. "அவங்க பொண்ண அவமானப்படுத்தினது நானு. அவ போய்க் கூப்பிட்டா எப்படி வருவாங்க?" ஃபாரத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். "அம்சா, கதவ சாத்திக்க. ராத்திரிக்கு மிச்சக் கொழம்பு போதும்."

வைகாசி வெயிலில் இந்திராணி பஸ் ஸ்டாண்டுக்கு ஏறக்குறைய ஓடினாள். கருடசேவைக் கூட்டம் நெரித்தது. திருப்புட்குழி பக்கம் போகிற பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டு நின்றது. முன் பஸ்ஸிலேயே வேணி போயிருப்பாள் என்று நினைத்தபடி ஏறினாள்.

மூன்றாவது வரிசையில் கிருஷ்ணவேணி உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இருக்கையில் துணிப்பையைப் போட்டு இடம் பிடித்து வைத்திருந்தாள். அந்த இடத்துக்காக ஒரு சந்தைக்காரியோடு சண்டையும் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆள் வருதுன்னு சொன்னனே, இதோ வந்துட்டாங்க பாரு" என்றாள் சந்தைக்காரியிடம். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "ஒரு பஸ்ஸ விட்டுட்டேன் அக்கா. இதையும் விட்டுடலாமான்னு பார்த்தேன்."

இந்திராணிக்கு மூச்சு வாங்கியது. உட்கார்ந்து ஓரகத்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கண்டக்டர் வந்தார். "பாலுசெட்டி சத்திரம் ரெண்டு" என்றாள் கிருஷ்ணவேணி. திருப்புட்குழிக்கு அங்கேதான் இறங்க வேண்டும். நாளைக்குத் திரும்பும்போது எத்தனை டிக்கெட் வாங்குவோம் என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை.